கண்ணாடிக்குள் கத்தரிப்பூ நிறம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது புதுக்குடியிருப்பில் எங்கள் புடைவைக்கடைக்கு வந்துபோன எல்லாருக்கும் தெரியும். ஆகவே எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வருடச் சித்திரைப் புத்தாண்டுக்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் உடுத்த நிறம் நான் சொன்ன நிறம். மழைக்காலத்திலேயே சொன்னேன். அப்போது சிரித்தவர்கள் யார் யார் என்று எழுதி அவர்களின் மானத்தை வாங்கப் போவதில்லை. அவர்களுக்கே தெரியும்.

கடையின் கண்ணாடியை உடுத்துவதுதான் என் வேலை. பஸ் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கடையின் முன்பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் மூன்று பொம்மைகள். காலையில் கதவைத் தூக்கியதும் றோட்டுப் புழுதியைத் துடைப்பேன். பிறகு பொம்மைகளுக்குச் சேலை மாற்றுவேன். எது முன்னுக்கு நிற்க வேண்டும், எது அலுமாரிக்குள் இருக்க வேண்டும், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது வரலாம் என்பதெல்லாம் என் பொறுப்பு. மாவீரர் நாள் வருகிற கார்த்திகை மாதத்தில் சிவப்பையும் மஞ்சளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இந்த மண்ணில் கடை வைத்திருப்பவர்களுக்கு அது தானாகவே தெரியும்.

முதலாளி நல்ல மனிதர், பயந்த மனிதர். கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போவதற்கு முன்னால், "இந்த முறை என்ன நிறம் பிள்ளை ஓடும்?" என்று கேட்பார். நான் சொல்வேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய் மெரூன் வாங்கி வருவார். மெரூன் எப்போதும் விற்கும், ஆனால் அதற்காக யாரும் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவர மாட்டார்கள்.

எங்களுக்கு முன்னால், றோட்டுக்கு மற்றப் பக்கம், இரண்டு மாடியில் ஒரு புதுக் கடை வந்தது. ஏசி, கண்ணைப் பறிக்கிற வெளிச்சம், வரிசையாக வெள்ளைக்காரப் பொம்மைகள். தீபாவளிக்கு எங்கள் கடைக்குள் ஈ காகம்கூட வரவில்லை. மார்கழியில் ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். கதிரையில் இருந்தபடி மேசையைப் பார்த்துக்கொண்டே கதைத்தார்.

"போன் கடைக்காரன் ஒருத்தன் முன்பக்கத்தைக் கேக்கிறான் பிள்ளை. கண்ணாடியோட சேத்து. சித்திரை வியாபாரமும் படுத்துதெண்டால் குடுத்திடுவம். உள்ளுக்கு பள்ளிக்கூட உடுப்பும் சாரமும் போதும். அதுக்குக் கண்ணாடி தேவையில்லைத்தானே."

"அப்ப நான்?"

"உனக்கென்ன, உள்ளுக்கு இருந்து பில் போடன்."

பில் போடுவதாம். நான் ஜெயபுரத்தில் வளர்ந்தவள். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டி வயல் செய்த குடும்பம். கலியாணம் கட்டித்தான் இந்தப் பக்கம் வந்தேன். என் வாழ்க்கையில் எனக்கென்று பிடித்துச் செய்த ஒரே வேலை அந்தக் கண்ணாடிதான். அது போனால் நான் என்ன ஆள்? அழுகை வந்தது. அதைவிடக் கோபம் முன்னால் வந்ததால் அழவில்லை.

"சரி. அப்ப இந்த முறை நிறம் நான் சொல்லுறதுதான். மெரூன் எண்ட கதையே இருக்கக்கூடாது. ஓமோ?"

அவர் மேசையிலிருந்து தலையைத் தூக்கினார். இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவர் மாதிரி, "ஓம்" என்றார்.

எங்கள் ஊருக்குள் ஒரு நிறம் எந்த வழியால் வருகிறது என்பது எனக்குத் தெரியும். முதலில் அது தலைக்கு வரும். சனி, ஞாயிறு நாட்களில் ரியூசனுக்குப் போகிற பிள்ளைகளைப் பாருங்கள். கிழமை நாட்களில் எல்லாரும் வெள்ளை யூனிபோர்மில் ஒரே மாதிரி. சனிக்கிழமை காலையில்தான் ஒவ்வொருத்தியின் விருப்பமும் சைக்கிளில் வெளியே வரும். புதுச் சட்டை வாங்க வீட்டில் விடமாட்டார்கள், கிளிப் வாங்கலாம். முடி கட்டுகிற பாண்ட் வாங்கலாம். அடுத்தது நகத்துக்கு வரும். பிறகு பஞ்சாபிச் சட்டையின் ஷோலுக்கு வரும். பிறகு முழுப் பஞ்சாபிக்கும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வீட்டில் இருந்து தாயின் உயிரை எடுக்கும். "அம்மா, நீங்கள் எப்ப பாத்தாலும் உந்த மண்ணிறச் சாறியோட." மகள் சொல்லித் தாய் உடுத்ததை எத்தனையோ முறை கடையில் பார்த்திருக்கிறேன். தாய் சொல்லி மகள் உடுத்ததை இன்னும் பார்க்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் ரியூசன் றோட்டில் நான் கண்டது கத்தரிப்பூ நிறம். முதலில் ஒருத்தியின் கிளிப். பிறகு மூன்று சிநேகிதிகள் சொல்லிவைத்தது மாதிரி ஒரே பாண்ட். தை பிறந்ததும் நகங்கள். மாசியில் ஷோல்கள். சைக்கிளில் போகும்போது அந்த ஷோல்கள் பின்னால் பறந்ததைப் பார்த்து றோட்டோரத்தில் நின்று கைதட்டாத குறை.

நிறம் தெரிந்தால் போதாது, காலமும் தெரிய வேண்டும். கொழும்புக்காரருக்குச் சீசன் என்றால் தீபாவளி. எங்களுக்குத் தீபாவளி மழைக்குள் வரும். கையில் இருந்ததெல்லாம் விதைநெல்லாகவும் உரமாகவும் வயலுக்குள் கிடக்கும். கண்டாவளைப் பக்கத்துக் கமக்காரன் மனைவிக்குப் பட்டுச்சேலை எடுப்பது காலபோக நெல்லு வெட்டி விற்ற பிறகு, பங்குனியில். முல்லைத்தீவுக் கடற்கரையில் வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்குவதும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். வயலும் கடலும் சேர்ந்து சிரிக்கிற காலம் எங்களுக்கு அது ஒன்றுதான். உயிர்த்த ஞாயிறும் புத்தாண்டும் அடுத்தடுத்து வரும். எங்கள் சீசன் அங்கேதான் இருக்கிறது.

மாசியில் கொழும்பு மொத்தக் கடையின் ஆள் வந்தான். நல்ல பொடியன், சென்ற் வாசம், கையில் பெரிய போன். படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினான்.

"அக்கா, இந்த வருஷம் உலகம் பூரா ஒலிவ் பச்சைதான். இந்தியால, லண்டன்ல, எங்க பார்த்தாலும் இதான். முன் கடைக்காரர் நிறைய எடுத்துட்டாரு."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் போனை வாங்கி நன்றாகப் பார்த்தேன். சேலை வடிவுதான். நிறம்தான் தெரிந்த நிறம்.

"தம்பி, இந்த நிறத்துக்கு எங்கட ஊரில என்ன பேர் தெரியுமோ?"

"என்ன அக்கா?"

"ஆமிப் பச்சை. ஆமிக்காரன்ர யூனிபோர்ம் நிறம். முப்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பொம்பிளை இதை ஆசைப்பட்டு உடுத்துக்கொண்டு புத்தாண்டுக்குக் கோயிலுக்குப் போவா எண்டு நினைக்கிறியோ? உங்கட உலகம் முழுக்க ஓடட்டும். இந்தச் சந்தியைத் தாண்டாது."

பாவம், அவன் முகம் சுருங்கிவிட்டது. அவன் பிறந்தபோது இங்கே சண்டைக்குள் என்ன நடந்தது என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த கிழமை முதலாளியோடு நானும் கொழும்பில் புறக்கோட்டைக்குப் போனேன். தனியாக விட்டால் மெரூனுக்குப் போய்விடுவார் என்ற பயம். போகத்தான் பார்த்தார். இரண்டு தரம் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மறித்தேன். கத்தரிப்பூவின் வெளிறலிலிருந்து முற்றிய கத்தரிக்காயின் கறுப்பு ஊதா வரைக்கும், பட்டு, பருத்தி, பூப்போட்டது, போடாதது என்று அள்ளினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் முதலாளி வவுனியா வரைக்கும் ஒரு சொல் பேசவில்லை. வவுனியாவில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, "எல்லாத்தையும் ஒரே நிறத்தில வாங்கிப்போட்டமே பிள்ளை" என்றார். பிறகு புதுக்குடியிருப்பு வரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்.

இனிக் கண்ணாடி. எங்கள் பொம்மைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடை திறந்த காலத்தில் கொழும்பிலிருந்து வந்த வெள்ளைக்காரிகள். மேற்கு வெயில் பட்டுப் பட்டு முகமெல்லாம் வெடித்து, கன்னம் பொருக்கு விட்டிருந்தது. ஒருத்திக்கு மூக்கு இல்லை. இவர்களை வைத்துக்கொண்டு முன் கடையின் புதுப் பொம்மைகளோடு எப்படி மல்லுக்கட்டுவது? யோசித்து யோசித்து, முக்காடு போட்ட கலியாணப் பெண்ணை ஒரு வீடியோவில் கண்டது நினைவுக்கு வந்தது. மூவருக்கும் நல்ல கடும் ஊதாப் பட்டை உடுத்தி, தலைப்பைத் தூக்கி முகத்தை முழுவதும் மூடி, நெஞ்சு வரைக்கும் தொங்கவிட்டேன். மேலே ஒரு சின்ன மஞ்சள் விளக்கு. றோட்டைக் கடந்து போய் நின்று பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே மெய்சிலிர்த்தது.

பலன் அன்றைக்கே தெரிந்தது. முல்லைத்தீவு பஸ்ஸால் இறங்கிய ஒரு பெண் கண்ணாடிக்கு முன்னால் சட்டென்று நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் கை வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு போனாள். பின்னேரம் ஒரு ஐயா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடந்து போனார். அடுத்த நாள் இரண்டு பெண்கள் குரலைத் தாழ்த்திக் கதைத்தபடி போனார்கள்.

நான் உள்ளே ஓடினேன். "முதலாளி, வந்து பாருங்கோ! சனம் எங்கட கண்ணாடியைக் கும்பிடுது!"

அவரும் வந்து நின்று பார்த்தார். அவர் முகத்தில் மாதக்கணக்காகக் காணாத ஒரு சிரிப்பு. "உண்மையாத்தான் பிள்ளை, கும்பிடுகினம்" என்றார். நான் என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு அன்றைக்கு இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தேன்.

கும்பிட்டார்கள். உள்ளே மட்டும் வரவில்லை. கமக்காரக் குடும்பங்கள் ஒன்றிரண்டு வந்தன, அவர்களும் புத்தாண்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். உயிர்த்த ஞாயிறுக்கு உடுப்பெடுக்க ஒவ்வொரு வருடமும் கூட்டம் கூட்டமாக வருகிற கடற்கரைச் சனம் எங்கள் வாசலைக் கண்டதும் நடையைக் கூட்டிக் கடந்து போனது. ஒரு கிழமை இப்படியே போனது. போன் கடைக்காரன் வந்தான். அளவு நாடாவை எடுத்து என் கண்ணாடியை நீளமும் அகலமும் அளந்தான். பொம்மைகளைக் காட்டி, "இதுகளை என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டான். முதலாளி எனக்கு முகம் காட்டாமல் உள்ளே போய்விட்டார்.

அன்று பின்னேரம்தான் அந்த அக்காவைக் கண்டேன். கடற்கரையில் சொந்தமாகப் படகு வைத்திருக்கிற வீட்டுக்காரி. ஒவ்வொரு வருடமும் தன் தங்கச்சிமார், மச்சாள்மார், மருமகள்மார் என்று ஒரு பட்டாளத்தையே கூட்டிவந்து, என்னை ஒரு பாடு படுத்தி, கடைசியில் கைநிறைய வாங்கிக்கொண்டு போகிறவர். இந்த முறை பட்டாளத்தோடு முன் கடைக் கண்ணாடிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. செருப்பைக்கூடப் போடாமல் றோட்டைக் கடந்து போனேன்.

"என்ன அக்கா, எங்கட கடை வாசல் உங்களுக்கு மறந்துபோச்சோ?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எங்கள் கண்ணாடியைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"மறக்கேல்லை தங்கச்சி. உன்ர கடையில பூசை முடியட்டும், வருவம் எண்டு நிக்கிறம்."

"என்ன பூசை?"

பட்டாளம் முழுவதும் சிரித்தது. அக்கா என் தோளைப் பிடித்துத் திருப்பி எங்கள் கடையைப் பார்க்க வைத்தார்.

"இது பாடுகளின் காலமெல்லே, ஆண்டவர் பாடுபட்டதை நினைச்சுத் துக்கம் காக்கிற நாள். இப்ப எங்கட கோயில் ஒண்டுக்குள்ள போய்ப் பார். மாதா, சூசையப்பர், அந்தோனியார், எல்லாரையும் ஊதாத் துணியால தலையோட மூடி வைச்சிருக்கும். உயிர்த்த ஞாயிறுப் பாஸ்கா வரைக்கும் ஒருத்தரும் முகம் காட்டாயினம். நீ மூண்டு பேரை அச்சா அப்பிடியே மூடி, கண்ணாடிக் கூட்டுக்குள்ள நிப்பாட்டி, மேல விளக்கும் கொளுத்தி வைச்சிருக்கிறாய். அதுக்குள்ள வந்து நடு ஆளின்ர சாறியைக் கழட்டித் தா எண்டு எப்பிடியடி கேக்கிறது?"

நான் வருடம் தவறாமல் அவர்களின் கோயில் திருநாளுக்குப் போகிறவள். மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறேன், வாசல் கடையில் அப்பம் வாங்கித் தின்றிருக்கிறேன். ஆனால் திருநாளுக்குத்தான் போயிருக்கிறேன். துக்கம் காக்கிற காலத்தில் அந்தக் கோயிலுக்குள் எனக்கு என்ன வேலை? ஆமிப் பச்சை பற்றி அந்தக் கொழும்புப் பொடியனுக்கு நான் எடுத்த வகுப்பு ஞாபகம் வந்தது. காதெல்லாம் சுட்டது. அந்தப் பெண் சிலுவை போட்டதும், நான் ஓடிப்போய் முதலாளியைக் கூட்டி வந்ததும், நாங்கள் இருவரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதும் ஒன்றன்பின் ஒன்றாக மனதுக்குள் வர, நடு றோட்டில் நின்று நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடிந்ததும் பயம் வந்தது. அலுமாரி அலுமாரியாக ஊதா. வாசலில் அளவு நாடா.

"அக்கா, அப்ப நீங்கள் இனி ஊதா உடுக்கவே மாட்டியளோ?"

"விசர்க்கதை கதையாதை. நிறத்தோட எங்களுக்கு என்ன கோபம்? இப்ப அதுக்குக் காலமில்லை, அவ்வளவுதான். பாஸ்காவுக்கு வெள்ளையும் பொன்னும். அதுக்குப் பிறகு நீ என்ன நிறத்தைக் காட்டினாலும் உடுப்பம். வடிவா இருக்கவேணும், அதுதான் கதை." கொஞ்சம் நிறுத்தி, "முதல்ல அந்தப் பொம்பிளையளின்ர முகத்தைத் திறந்து விடு. மூச்சு முட்டப்போகுது" என்றார்.

அந்த நிமிடமே வந்து திறந்தேன். முக்காட்டை எடுத்ததும் பொருக்குக் கன்னமும் மூக்கில்லாத முகமும் என்னைப் பார்த்தன. இப்படியே நிறுத்தினால் கும்பிட்ட சனம் பயந்து ஓடும். மூடவும் முடியாது, திறந்து வைக்கவும் முடியாது. மூக்கில்லாதவளுக்கு முதலில் சுவருக்குப் பூசுகிற பட்டியைக் குழைத்து ஒரு மூக்குப் பிடித்தேன். பிறகு மூக்குக் காயட்டும் என்று அவளை விட்டுவிட்டு பெயின்ற் கடைக்குப் போனேன்.

"ஆளின்ர தோல் நிறத்தில ஒரு பெயின்ற் தாங்கோ" என்றேன்.

கடைக்காரர் ஒரு டின்னைத் திறந்து காட்டினார். ரோஸ் நிறம். "இதுதான் ஸ்கின் கலர்."

"ஆரின்ர ஸ்கின்?"

அவர் விழித்தார். நான் என் கையை முழங்கை வரைக்கும் அவரின் மேசைமேல் நீட்டினேன். "இந்த நிறத்தில கலந்து தாங்கோ."

மனிதருக்குச் சிரிப்பு. ஆனால் வேலைக்காரன். மண்ணிறத்தில் கொஞ்சம் மஞ்சள் விட்டார், கறுப்பு ஒரு சொட்டு, சிவப்பு ஒரு சொட்டு. ஒவ்வொரு தரமும் குச்சியால் எடுத்து என் கையில் பூசிப் பார்த்தார். சாமான் வாங்க வந்தவர்கள் சுற்றி நின்று, "இன்னும் கொஞ்சம் கறுக்கவேணும்", "போதும், அச்சா அதே நிறம்" என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் பூசிய இடம் எது, பூசாத இடம் எது என்று எனக்கே தெரியவில்லை.

இதைச் செய்யும்போது என் மனதில் இருந்ததை மறைக்காமல் சொல்கிறேன். சின்ன வயதிலிருந்து நான் கேட்டு வளர்ந்த சொல் ஒன்று உண்டு. "கறுப்பிக்கு இந்த நிறம் எடுக்காது." ரோஸ் எடுக்காது, மஞ்சள் எடுக்காது, கத்தரிப்பூ எடுக்கவே எடுக்காது. கடையிலும் நாள் முழுக்க அதே கேள்விதான். சேலையைத் தோளில் போட்டு, வெள்ளைக்காரப் பொம்மையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எனக்கு இது எடுப்பா இருக்குமோ?" என்று கேட்டு, மடித்து வைத்துவிட்டு மெரூன் எடுத்துக்கொண்டு போவார்கள். மெரூன் ஏன் எப்போதும் விற்கிறது என்று நினைத்தீர்கள்? எனக்கு அதை நினைக்க நினைக்க ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தோடுதான் மூன்று பொம்மைகளுக்கும் பூசினேன். முகம், கழுத்து, கை எல்லாம். கண்மை இட்டேன். புருவத்தைக் கொஞ்சம் தடிப்பாக எழுதினேன். நெற்றிப்பொட்டை ஒருத்திக்கு வைத்தேன், மற்றவர்களுக்கு வைக்கவில்லை. எல்லாரும் வரவேண்டும் அல்லவா.

காலையில் முதலாளி வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றார். "என்ன பிள்ளை, ஒரேயடியாக் கறுத்துப் போச்சுதுகள்?"

"ஊருக்கு வந்து இவ்வளவு காலமாச்சு முதலாளி. வெயில் பட்டிருக்கும்தானே."

ஊதா அவ்வளவையும் உள் அலுமாரியில் ஏற்றிப் பூட்டினேன். அவர் தலையில் கை வைத்தார், நான் கேட்கவில்லை. பொன்கரை போட்ட வெள்ளைச் சேலைகள் பழைய இருப்பில் கிடந்தன. அவற்றை எடுத்து உடுத்தினேன். கறுத்த உடம்பில் அந்த வெள்ளை எழும்பி நின்ற வடிவை என்னவென்று சொல்ல! பழைய பொம்மைகளில் அதே சேலை வெறும் படுக்கை விரிப்பு மாதிரிக் கிடக்கும். அன்றே அக்கா பட்டாளத்தோடு வந்தார். பொம்மையின் கன்னத்தைத் தட்டி, "மூச்சு வந்திட்டுது" என்றார். பெரிய வெள்ளிக்கு முன்னால் வெள்ளைச் சேலைகள் முடிந்துவிட்டன.

உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த நாள் காலையில் ஊதாவை இறக்கினேன். மூன்று பேருக்கும் மூன்று விதம். இளங்கத்தரிப்பூவில் ஒன்று, நடு நிறத்தில் ஒன்று, கடும் ஊதாவில் ஒன்று. முகம் திறந்து, தலைநிமிர்ந்து நின்றார்கள். நான் இன்னும் ஊசி குத்தி முடிக்கவில்லை, கிளிநொச்சி பஸ்ஸால் இறங்கிய இரண்டு பெண்கள் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றார்கள். வயலில் வெயில் குடித்த கைகள்.

"இஞ்சை பாரடி, எங்கட மாமியின்ர மகளைப் போல கிடக்கு."

"மாமியின்ர மகளோ? உன்னைப் போலவே கிடக்கு!"

உள்ளே வந்தார்கள். சேலையைத் தோளில் போட்டார்கள். நான் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். அவர்கள் கேட்கவில்லை. பதில் வாசலில் நின்றது. இளங்கத்தரிப்பூ நிறத்தில் ஆளுக்கொன்று எடுத்தார்கள், மகளுக்கென்று ஒரு பஞ்சாபியும் எடுத்தார்கள். மகள்மார் பின்னேரம் தாய்மாரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். அடுத்த நாள் கடைக்குள் நடக்க இடமில்லை. முதலாளி தானே சேலை மடித்தார். மடிக்கத் தெரியாமல் மடித்தார். அவர் மடித்ததை நான் திரும்ப மடித்தேன். வாய் நீண்டவளுக்குப் பேச நேரம் கிடைக்காத கிழமை அது.

முன் கடைக்காரர் ஒலிவ் பச்சையைக் கழற்றிவிட்டு எங்கிருந்தோ அவசரமாகக் கொஞ்சம் கத்தரிப்பூ நிறம் கொண்டுவந்து தன் வெள்ளைக்காரிகளுக்கு உடுத்தினார். நான் றோட்டைக் கடந்து போய் நின்று ஆறுதலாகப் பார்த்தேன். நல்ல சேலைகள்தான். காய்ச்சல்காரிக்கு உடுத்தினது மாதிரி இருந்தது. சிரிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

புத்தாண்டுக்கு முதல் நாள் பின்னேரம் அலுமாரி வெறுமை. ஒரு பெண் வந்து விரலை நீட்டி, "அந்த நடு ஆள் உடுத்திருக்கிறதை எண்டாலும் தாங்கோ" என்றார். பொம்மையின் உடம்பிலிருந்து உரிந்து கொடுத்தேன். எனக்கென்று ஒன்று எடுத்து வைக்கவில்லை என்பது கடை பூட்டும்போதுதான் தெரிந்தது. புத்தாண்டுக்கு நான் பழைய பச்சைச் சேலை உடுத்தேன். ஒரு துளி கவலை இல்லை.

ஆனியில் கடற்கரைக் கோயில் திருநாள். முதலாளியும் குடும்பத்தோடு வந்திருந்தார். கடல் கண்ணாடித் தகடாகக் கிடந்தது. சுற்றுப்பிரகாரம் வெளிக்கிட்டது. மணல் முழுவதும் பெண்கள். நான் கோயில் மதிலில் சாய்ந்து நின்று பார்த்தேன். கறுத்தக் கைகள், கறுத்தக் கழுத்துகள், அவற்றில் கத்தரிப்பூ நிறம். கூட்டத்தின் முன்னுக்கும் அதுதான், நடுவிலும் அதுதான். கமக்காரப் பெண்கள், கடற்கரைப் பெண்கள், தாய்மார், ரியூசன் பிள்ளைகள். பொட்டு வைத்தவர்கள், வைக்காதவர்கள். இந்த நிறம் உங்களுக்கு எடுக்காது என்று யார் இவர்களுக்குச் சொன்னது? வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் நின்றவர்கள் நான் ஏதோ நேர்த்தி வைத்து அழுகிறேன் என்று நினைத்து விலகி இடம் விட்டார்கள்.

கடும் ஊதாப் பட்டில் அந்த அக்கா பட்டாளத்துக்கு நடுவில் அரசி மாதிரி வந்தார். என்னைக் கண்டதும், "என்ன தங்கச்சி, பாக்கிறாய்? எப்பிடி இருக்கு?" என்று கத்தினார்.

"கொள்ளை வடிவு அக்கா!" என்று நானும் கத்தினேன்.

அப்போதுதான் முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"போன் கடைக்காரன் காலமை திரும்பவும் வந்தவன் பிள்ளை."

மதிலை விட்டு நிமிர்ந்தேன். "என்ன சொன்னியள்?"

"கண்ணாடி என்ர இல்லை, அந்தப் பிள்ளையின்ர, நான் எப்பிடிக் குடுக்கிறது எண்டு சொல்லி அனுப்பிப்போட்டன்."

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

"என்ர எண்டால் அது சின்னன் முதலாளி. மற்றப் பக்கத்துச் சுவரையும் உடைச்சு, பெருசாக் கட்டித் தாங்கோ" என்றேன்.